குடில் பொம்மைகளைச் சுற்றும் துணிகள்

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பீரோ, கட்டில், தையல் மிஷின், அரிசி டிரம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் முன்னறைகளிலிருந்து இவற்றைக் கிளப்பிப் பின்கட்டில் அடுக்கியிருப்போம். கொடைக்கானலில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். சீசன் வந்தால் வீடு கெஸ்டுகளுடையது. வீட்டுக்காரர்கள் சமையலறையிலும் ஸ்டோர் ரூமிலும் சுருண்டுகொள்வோம். கூட்டம் மலையிறங்கிய பிறகு சாமான்கள் ஒவ்வொன்றாக முன்னால் வரும். வருகிற வழியில் எதைத் தூக்கிப் போடுவது என்று சண்டையும் வரும்.

இந்த முறை ஸ்டோர் ரூமில் சாமான்களோடு என் கணவரும் இருந்தார்.

டாக்ஸி ஓட்டியவர். இருமல் முற்றி வண்டியை விற்ற பிறகுதான் அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தோம். போன மே மாதம் தங்கிப்போன யாரோ செல்போனில் எழுதியிருந்தார்கள்: வீடு சுத்தம், சாப்பாடு பிரமாதம், ராத்திரி முழுக்க யாரோ இருமுகிறார்கள். நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"ஸ்டார் எத்தன குடுத்திருக்கான்?"

"மூணு."

"இருமலுக்கு ரெண்டக் கழிச்சிட்டானாக்கும்," என்று சிரித்தார். டிசம்பரில், யாரும் சொல்லாமலே, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஐப்பசியில் குடித்த ஈரத்தை அதன் சுவர் பங்குனி வரை விடாது. கை வைத்தால் நாய் மூக்கைத் தொட்டதுபோல் இருக்கும்.

சீசன் முழுக்க அவர் இருமல் கேட்கவில்லை. புது மருந்து கேட்கிறது என்று நினைத்தேன். நினைப்பதற்குக்கூட எனக்குக் கிடைத்த இடம் அடுப்படிதான். காப்பி, வெந்நீர், இன்னொரு கம்பளி, காப்பி.

சாமான் ஒதுக்க மதினி வந்திருந்தார். என் கணவரின் அக்கா. மிஷன் பள்ளி ஹாஸ்டலில் ஆயா. விடுமுறை இன்னும் முடியவில்லை. வெளியே புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறட்டும் என்று காத்திராமல் பீரோவையும் மெத்தைகளையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். பிறகு கிறிஸ்துமஸ் குடிலுக்கு வந்தோம்.

குடிலைப் பிரிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. பச்சையாய் வந்த பாசி தவிட்டு நிறமாகி உதிரும். நட்சத்திரத்தை இறக்கினால் அதனுள்ளே செத்த பூச்சிகள். சுரூபப் பொம்மைகள் மண்ணால் ஆனவை, ஒன்றோடொன்று உரசினால் மூக்கு போய்விடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழந்துணி உண்டு. மாதாவுக்கு என் நைட்டியின் கை. சூசையப்பருக்கு என் கணவரின் பனியன். ஒட்டகத்துக்கு ஒரு முழுத் துண்டு. குடில் நிற்கிற நாள்களில் அந்தத் துணிகள் அட்டைப்பெட்டியில் சும்மா கிடக்கும். அடுத்த வருஷமும் அதே துணிதான். யாரும் மாற்றுவதில்லை, துவைப்பதுமில்லை.

"ஏத்தா, துணிப்பெட்டி எங்க கெடக்கு?" என்றார் மதினி.

"ஸ்டோர் ரூம்ல மதினி. அவரு கட்டிலுக்கு அடியில."

உள்ளே அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "அக்கா, நீ இரு. நான் எடுத்துத் தாறேன்."

"நீ கெட. எந்திரிச்சா விழுவ. விழுந்தா ஒன்னையும் நாந்தான் கூட்டி அள்ளணும்."

பெட்டியை இழுத்துக்கொண்டு மதினி வெளிச்சத்துக்கு வந்தார். மேலே இருந்த இரண்டு துணிகள் சுத்தம். மூன்றாவதை எடுத்தவர் முகத்தைச் சுளித்தார். "எலி குட்டி போட்டிருக்கா என்ன, இப்பிடி வெறச்சுக் கெடக்கு."

எலி இல்லை. நைட்டியின் கை அட்டை மாதிரி மடங்கி நின்றது. துரு நிறம். பனியனிலும் அதே. ஒட்டகத்தின் துண்டை விரித்தபோது நடுவில் இன்னும் காயாத சிவப்பு இருந்தது.

மதினி ஹாஸ்டலில் பிள்ளைகளின் உடுப்பை மடிப்பதுபோல அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து மடியில் வைத்தார். நான் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"எப்பலேருந்து?"

"கெஸ்டு வந்தாங்கள்ல, அன்னைலேருந்து." என்னைப் பார்க்காமல் சொன்னார். "இருமல் வந்தா வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். சத்தம் போகல பாத்தியா. வெயில் வந்ததும் அலசிரலாம்னுதான் இருந்தேன்."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மலையிறங்கணும்ப. சீசன்ல காட் ரோட்ல வண்டி நிக்கிற நெலவரம் எனக்குத் தெரியாதா? நடுவழில கெடப்போம். இங்க வந்தவனுக்கு யாரு காப்பி போடுவா?"

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" வாசலில் நின்ற மதினியின் குரல் பாதியில் உடைந்தது.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. பொங்கலுக்கு அறை கேட்டு மதுரையிலிருந்து ஒருவர். போன வருஷமும் வந்தவர்கள்தான். கட்டிலில் இருந்தபடியே அவர் கையை ஆட்டினார், சரியென்று சொல், சரியென்று சொல்.

"ரூம் இல்லைங்க," என்றேன்.

"ஃபுல்லாயிருச்சாங்க?"

"வீட்டுல நாங்க இருக்கோம்."

மதுரைக்காரருக்குப் புரியவில்லை. போனை வைத்துவிட்டார். என் கணவர் சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபம். பிறகு இருமினார், வாயைப் பொத்தாமல். அத்தனை நாள் அடைத்து வைத்தது மொத்தமும் வந்தது. அந்தச் சத்தத்துக்கு வீடு சின்னதாக இருந்தது. மதினி ஓடிவந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பாத்திரத்தைத் தேடினேன். எந்தப் பொருளும் அதன் இடத்தில் இல்லாத வீட்டில் ஒரு பாத்திரம் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது!

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். பீரோவும் மெத்தைகளும் முற்றத்திலேயே நின்றன, மேலெல்லாம் பனி. பக்கத்து வீட்டுக்காரர் என் கணவருடன் டாக்ஸி ஓட்டியவர்தான், அவரே எங்களைக் கூட்டிப்போனார். வளைவுகளில் மெல்ல, மிக மெல்ல. அப்படியும் ஒவ்வொரு வளைவிலும் என் கணவரின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு வண்டிகூட எதிரில் வரவில்லை. அந்தக் காலி ரோட்டைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கீழே, ஆஸ்பத்திரியில், டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்களில் யாரிடம் பேசுவது என்று கண்ணால் தேடி, கடைசியில் அவரிடமே கேட்டார்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே."

"சீசன் சார்," என்றார் அவர்.