அம்பைத் தீட்டியவன்

சேத்தூருக்கு மேற்கே மலையடியில் பன்றி வேட்டைக்குப் போவோம். எல்லோருடைய அம்பையும் தீட்டித் தருவது என் வேலை. அகன்ற இரும்பு அலகை முதலில் அரத்தால் ராவுவேன். பிறகு தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்ப்பேன். முன்கை மயிரை அது வழித்தால்தான் கீழே வைப்பேன். பன்றியின் மேல் முதலில் தைத்த அம்பு யாருடையதோ, அவருக்கே தலை என்பது ஊர் வழக்கம்.

ஒரு வருடம் பண்ணையாரின் மைத்துனர் தன் அம்புகள் தீர்ந்துபோய், என்னுடையதை வாங்கி எய்தார். பன்றி விழுந்தது. அம்பு என்னுடையது என்று தலையைக் கேட்டேன்.

"எய்தவனுக்குத்தாம்லே தலை. அம்பு யாருதா இருந்தா என்ன?" என்றார் பண்ணையார்.

மறு வருடம் என் அம்புகள் தீர்ந்துபோயின. அதே மைத்துனரிடம் ஒன்று வாங்கி எய்தேன். பன்றி அங்கேயே சாய்ந்தது. எய்தவன் நான்தானே என்று தலையைக் கேட்டேன்.

"ஏலே, அம்பு யாருது? அதச் சொல்லு மொதல்ல" என்றார் அதே பண்ணையார்.

தலை அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் காலையில், இரத்தம் காய்ந்த அந்த அம்பு, தீட்டித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தது.