பை அத்தைக்கு இதய நோய்

"இதய நோயாளி. உயரம், வேகம், அதிர்ச்சி, பேரோசை ஆகியவற்றைத் தாங்கும் நிலையில் இல்லை. எந்தச் சவாரியிலும் அனுமதிக்கலாகாது. பார்வையாளர் வகுப்பு; சாம்பல் நிறக் கைப்பட்டை."

ஊருக்கு வெளியே இருந்த கேளிக்கைப் பூங்காவின் கணினியில் பை அத்தையைப் பற்றிப் பன்னிரண்டு வருடங்களாக இருந்துவந்த குறிப்பு இது. இந்த நோயாளி வாரத்தில் ஆறு நாள், கண்ணாடிக் குப்பித் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்தாள். பதினெட்டுக் கிலோ அட்டைப்பெட்டியைத் தோள் உயர அடுக்கில் ஏற்றும்போதும் பக்கத்தில் நிற்பவளிடம் பேச்சை நிறுத்த மாட்டாள். வீடு நான்காம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், தண்ணீர் கேனை மேலே கொண்டுவருவது அவள் பொறுப்பு. அண்ணனுக்கு முதுகுவலி. அது உண்மையான வலி என்பதால் எந்தப் படிவத்திலும் அவர் அதைக் குறிப்பிட்டதில்லை.

நோய் வந்த விதம் எளிமையானது. அண்ணனின் மூத்த மகளுக்கு நான்கு வயது நிறைந்த வருடம், குடும்பம் முதல் தடவையாக அந்தப் பூங்காவுக்குப் போனது. எல்லாரும் சவாரிக்குப் போய்விட்டால் பையை யார் பார்த்துக்கொள்வது என்று அண்ணி கேட்டாள். வாசலைத் தாண்டியதும் இடதுபுறம் முந்நூறு லாக்கர்கள் வரிசையாக இருந்தன. லாக்கரையெல்லாம் நம்ப முடியாது என்றார் அண்ணன். தங்கையை நம்பலாம், தவிர, சவாரி செய்யாதவர்களுக்குப் பாதிக் கட்டணம். ஆனால் சவாரி செய்யாததற்குக் காரணம் வேண்டும் என்றது படிவம். கர்ப்பிணி, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர், எலும்பு முறிவு, இதய நோய் என்று நான்கு கட்டங்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. முதல் கட்டத்தில் குறி போட்டால் குடும்ப மானம் என்னாவது. வயது அப்போது முப்பத்தொன்று. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டிருக்க வேண்டும். இதயம் வெளியே தெரிவதில்லை.

"ஒரு நாளைக்குத்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று அண்ணன் பேனாவைத் திறந்தார்.

ஒரு நாளைக்கு வந்த நோய் வருடாவருடம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. பெரியவள்தான் அவளுக்குப் 'பை அத்தை' என்று பெயர் வைத்தாள். அம்மா வழியில், மாமாக்களைக் கட்டிய மற்ற அத்தைகளிடமிருந்து பிரித்துச் சொல்ல அவளுக்கு வேறு அடையாளம் கிடைக்கவில்லை. பிறகு எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். வீட்டில் அவளுடைய அறை என்று சொல்லப்பட்ட இடத்தில் இஸ்திரி மேசையும் குடும்பத்தின் நான்கு சூட்கேஸ்களும் இருந்தன. மிச்ச இடத்தில் அவள் படுத்துக்கொண்டாள்.

பூங்காவுக்கு எடுத்துப் போகும் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் உருவாக்கிய பொருள் என்று உலகத்தில் ஏதாவது உண்டென்றால் அது அந்தப் பைதான். அதில் இருந்த ஒவ்வொரு சாமானும் ஒரு வருடத்துத் திட்டு. மாற்றுத் துணி நான்கு செட், தனித்தனி பிளாஸ்டிக் உறைகளில்: முதல் வருடம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, ஒரு ஈர பனியன் மற்றதையெல்லாம் நனைத்துவிட, அண்ணி மூன்று நாள் பேசினாள். வாந்தி எடுக்க உறைகள்: பெரியவள் ஏழு வயதில் அண்ணனின் சட்டைப் பாக்கெட்டைப் பயன்படுத்திக்கொண்டதிலிருந்து. பிளாஸ்திரி: அண்ணியின் புதுச் செருப்பு கடித்த வருடம். மூக்குக் கண்ணாடிக்குக் கெட்டியான டப்பா: அண்ணன் கண்ணாடியைத் தானே கழற்றி, தானே அதன்மேல் உட்கார்ந்து, பிறகு "நீ எதுக்குக் கூட வந்தே?" என்று அவளைக் கேட்ட வருடம். சின்னவள் பிறந்த பிறகு அவளுக்கென்று ஒரு தடித்த ஸ்வெட்டரும் மூக்குச் சொட்டு மருந்தும் சேர்ந்தன. ஈரத்தில் அரை மணி நின்றால் அந்தக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிடும். துண்டுகள் நான்கு. ஐந்தாவது துண்டு கிடையாது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் நனைவதில்லை.

தொழிற்சாலையில் அவள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது: கனமானது அடியில், முதலில் தேவைப்படுவது மேலே, காலியிடம் மட்டும் விடாதே, காலியிடம்தான் குப்பியை உடைக்கும். இந்த முறையில் பதினோரு கிலோ பை ஒன்றை அவள் முக்கால் மணியில் கட்டி முடிப்பாள். சவாரிக்குப் போகும்போது அவர்கள் கழற்றித் தரும் ஷூக்கள், போன்கள், கார் சாவி எல்லாம் எங்கே போக வேண்டும் என்பதற்கும் முன்கூட்டியே இடம் இருக்கும்.

அவளுடைய பெஞ்சு ரோலர் கோஸ்டரின் இறங்கு வாசலுக்கு எதிரே இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் பார்த்தது, அந்த வாசலில் இறங்கும் முகங்களை. அழுதுகொண்டு ஏறியவர்கள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். சண்டை போட்டுக்கொண்டு போன புருஷன் பெண்டாட்டி கை கோத்து வந்தார்கள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்த ஒரே இடம் அந்த வாசல்தான். மேலே அப்படி என்னதான் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆசை என்று சொன்னால் பெரிய வார்த்தை. நாற்பத்துமூன்று வயதில் அவளிடம் இருந்த ஒரே ஆசை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அதனால் இந்த வருடம் கேட்டாள். ஒரு மாதம் முன்னாலேயே கேட்டாள், சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு தடவை ரோலர் கோஸ்டர் என்று. அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "பார்க்கலாம்" என்றார். அந்த வீட்டில் 'பார்க்கலாம்' என்பதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கினாள். செருப்போடு வருகிறவர்களை அந்தச் சவாரியில் ஏற்ற மாட்டார்கள் என்பது பெஞ்சிலிருந்தே தெரிந்த விஷயம். ஷூவைப் பையின் அடியில் வைத்தாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பைக்குள் போன அவளுடைய முதல் சாமான்.

கிளம்பும் காலையில் அண்ணி வழக்கம்போலப் பையைச் சோதித்தாள். அடி வரைக்கும் கையை விட்டாள்.

"இது யாருக்கு?"

"எனக்கு அண்ணி. அண்ணன் பார்க்கலாம்னாரு."

"உக்கார்றதுக்கு எதுக்கு ஷூ?" என்று அண்ணி அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன் முடி உலர்த்தும் மெஷினை வைத்தாள்.

அந்த நீல ஷூ செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. பூங்காவில் அண்ணன் நான்கு கட்டங்களில் நான்காவதில் குறி போட்டார். அவள் கையில் சாம்பல் பட்டை ஏறியது.

ஆனாலும் ரோலர் கோஸ்டர் வரிசையில் அவர்கள் நின்றபோது அவளும் பின்னாலேயே போய் நின்றாள். சவாரி ஏற்றுகிறவன் பட்டையைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தான். தப்பாகப் போட்டுவிட்டார்கள், எனக்கு ஒன்றுமில்லை என்றாள். அவன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். மேற்பார்வையாளர் கணினியைப் பார்த்தார், பன்னிரண்டு வருடத்து நோயைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"இவங்க உங்க தங்கச்சியா சார்? நோயே இல்லைங்கிறாங்க. நீங்க எழுதிக் கொடுத்தது சரிதானே?"

'இல்லை' என்று சொன்னால் போதும். மீதிப் பாதிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், கொஞ்சம் அசடு வழிய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அண்ணன் அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார், வரிசை முழுக்கக் கேட்கும் அளவுக்கு.

"இருக்கு சார். அவளுக்குத் தெரியாது. சொன்னா பயந்துடுவான்னு வீட்டுல யாரும் சொல்றதில்லை."

வரிசை அவளைத் திரும்பிப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவள் தோளைத் தொட்டாள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வீட்டில் பன்னிரண்டு வருடத்தில் கிடைத்ததைவிட அதிகப் பரிவு அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குக் கிடைத்தது. எல்லாம் பொய்க்குக் கிடைத்த பரிவு.

"அத்தை, நீ செத்துடுவியா?" என்று சின்னவள் கேட்டாள். ஒன்பது வயது, உண்மையாகவே கேட்டாள்.

"செத்துட்டா பையை யாரு தூக்குறது?" என்றாள் பதினாறு வயதுப் பெரியவள்.

அண்ணன் சிரித்தார். இந்தத் தடவை சவாரி ஏறாமலேயே சிரித்தார்.

அண்ணி அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்க வேண்டுமா, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்தாள். அவர்கள் கோஸ்டரில் போய் வந்தார்கள். பிறகு அடுத்திருந்த தண்ணீர்ச் சறுக்குக்குக் கிளம்பினார்கள். போன்கள், கார் சாவி, கைக்கடிகாரம், நான்கு ஜோடி ஷூ, கடைசியாக அண்ணனின் மூக்குக் கண்ணாடி, எல்லாம் அதனதன் இடத்தில் பைக்குள் போயின. கண்ணாடி இல்லாவிட்டால் அண்ணனுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் உலகம் கிடையாது.

"இங்கேயே இரு. எங்கேயும் போயிடாதே" என்றாள் அண்ணி.

அவர்கள் தலை மறைந்ததும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலுதவி அறைக்கு நடந்தாள். அங்கிருந்த டாக்டர் ஒரு இளம்பெண். முட்டிச் சிராய்ப்புகளுக்கு மருந்து போட்டுச் சலித்துப்போயிருந்தாள்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை டாக்டர். எனக்கு இதய நோய்னு எங்க அண்ணன் சொல்றாரு. இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்க."

கணினியில் இதய நோயாளி என்று இருந்ததால் டாக்டரால் தட்டிக் கழிக்க முடியவில்லை. படுக்க வைத்து ஈசிஜி எடுத்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். மாடிப்படியில் ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லி மறுபடியும் பார்த்தாள். விதிப்படி ஒரு மணி நேரம் கட்டிலில் இருக்கச் சொன்னாள். பை அத்தை பகல் வேளையில் படுத்திருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கொஞ்சம் தூங்கினாள்.

"உங்க இதயத்துல ஒரு குறையும் இல்லைங்க. குதிரை மாதிரி இருக்கு. உங்க அண்ணன் டாக்டரா?"

"இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்."

டாக்டர் இதயத்தில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளையும் மீதிக் கட்டணத்தையும் வாசல் அலுவலகத்தில் நீட்டியதும், சாம்பல் பட்டையை வெட்டிப் போட்டுவிட்டு ஆரஞ்சுப் பட்டை கட்டினார்கள். பக்கத்திலேயே முந்நூறு லாக்கர்கள். பையைத் திறந்தாள். தன் ஷூ வீட்டில் கிடந்ததால் அண்ணியின் ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் பெரிது, இறுக்கிக் கட்டியதும் சரியாக இருந்தது. பையை உள்ளே தள்ளிப் பூட்டி, சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக அவள் பார்த்த வேலையை அந்தத் தகரப் பெட்டி பேசாமல் செய்தது.

முதல் தடவை போனபோது அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். அதனால் இரண்டாம் தடவை வரிசையில் நின்றாள். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். ரயில் உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கி நிற்கும் இடத்தில் பூங்கா முழுவதும் தெரிந்தது. தன்னுடைய பெஞ்சு தெரிந்தது. அதைச் சுற்றி நனைந்த துணியோடு நான்கு பேர். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு குப்பைத்தொட்டியின் பக்கம் திரும்பி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணியும் பெரியவளும் சுடும் கல்தரையில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். சின்னவள் பெஞ்சின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் வந்து எப்படியும் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். பிறகு ரயில் கீழே பாய்ந்தது. பை அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

இறங்கியதும் நேராக லாக்கர் பக்கம் நடந்தாள். சின்னவளின் ஸ்வெட்டர் வலதுபுறம் மேலே, கையை விட்டதும் வரும்படி வைத்திருந்தாள். சாவியைக் கையிலிருந்து கழற்றிக்கூட விட்டாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. குரல் பூங்காக்காரனுடையது, வார்த்தைகள் அண்ணி எழுதிக் கொடுத்தவை.

ஒரு பை காணாமல் போயிருக்கிறது என்றது அறிவிப்பு. கருநீல நிறம், இரண்டு ஜிப், இடது பட்டை பிய்ந்து வெள்ளை நூலால் தைத்தது, உள்ளே நான்கு போன்கள், கார் சாவி, மூக்குக் கண்ணாடி, விலையுயர்ந்த முடி உலர்த்தும் மெஷின். பையை வைத்திருப்பவர் ஒரு பெண், சாம்பல் நிறக் கைப்பட்டை அணிந்த இதய நோயாளி. பார்த்தவர்கள் பையை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.

அறிவிப்பை இரண்டு தடவை படித்தார்கள். பக்கத்தில் நின்ற காவலாளி சுற்றும் முற்றும் எல்லார் கைகளையும் பார்த்தான். அவளுடைய ஆரஞ்சுப் பட்டையையும் பார்த்துவிட்டு, அடுத்த கைக்குப் போனான்.

அவள் சாவியை மறுபடியும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் போய், மூன்றாம் தடவை வரிசையில் நின்றாள்.