ஆன்ட்ரூவின் கூட்டாளிக்கு ஒரு வேலை

மலேசியாவின் கோலசிலாங்கூரில் படித்து முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு யாராவது கையைப் பிசைந்தால், அக்கம்பக்கத்தார் சொல்லும் விலாசம் ஒன்றுதான்: ஆன்ட்ரூ வீடு. கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவள மேலாளர் அவர். தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் மகனாக லயத்து வரிசை வீட்டில் பிறந்து, குளிரூட்டிய அறையில் சுழல் நாற்காலி வரைக்கும் வந்தவர். அந்த நாற்காலியைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவைதான்.

சனிக்கிழமை வந்தால் வீட்டு முன்கூரையின் கீழிருந்து கார் வெளியே போகும், பிளாஸ்டிக் நாற்காலிகள் உள்ளே வரும். ஆன்ட்ரூ முதலாளி வேடத்தில் உட்காருவார். வேலை தேடி வந்தவர் எதிரே அமர்ந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பாதி பேர் அவருடைய மீசையைப் பார்த்தே உளறிக் கொட்டுவார்கள்.

"என்னய்யா, குரல் கெணத்துக்குள்ளருந்து வருது?" என்பார். "வேல இல்லன்னு நாலு பேருகிட்ட சொல்லு. கல்யாணத்துல சொல்லு, கடையில சொல்லு. அதான் நெட்வொர்க்கிங். வாயத் தொறக்காதவனுக்கு எவன் வேல குடுப்பான்?"

இப்படி அவரிடம் திட்டு வாங்கி வேலைக்குப் போனவர்கள் பூச்சோங் வரை இருக்கிறார்கள். மனுஷன் இதற்காக ஒரு காசு வாங்கியதில்லை. புகழ்ச்சியை மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்வார்.

போன ஆண்டு தொழிற்சாலைக்கு ஆர்டர் குறைந்தது, ஆட்குறைப்பு வந்தது. வேலை போனவர்களுக்கெல்லாம் கடிதம் தயாரித்தவர் ஆன்ட்ரூதான். கடைசியில் அவருக்கும் ஒன்று வந்தது. அதிலிருந்த பிழையைத் திருத்தித் தந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஊரில் என்ன சொன்னார் தெரியுமா? இனிமேல் வீட்டிலிருந்தே வேலை என்றார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தால் மாலை வரை விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பார். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வரும். அந்த மாதிரிப் பதில்களை எத்தனையோ பேருக்குத் தட்டிவிட்டவர்தான் அவர். பெறுகிற பக்கத்திலிருந்து படிக்கையில் அது எவ்வளவு வலிக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை வகுப்பும் நின்றது. கேட்டவர்களிடம் பிஸி என்றார்.

அவர் மனைவி பெர்னடெட்டுக்கு மட்டும் உண்மை தெரியும். பாலர் பள்ளி ஆசிரியை அவள். அந்தச் சம்பளத்தில் வீடு ஓடும், ஈப்போவில் படிக்கும் மகளின் படிப்பு ஓடாது. வருடக் கடைசிக்குள் ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

"புதன்கிழமை அன்பியத்துல சொல்லுங்க" என்றாள்.

அன்பியம் என்பது அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும் கூட்டம். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் தேவையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்காக மன்றாடுவார்கள். ஆண்டவருக்கு மனசுக்குள் சொன்னாலே கேட்கும்தான். பக்கத்துப் பாயில் இருப்பவருக்கு வாய்விட்டால்தானே கேட்கும்? மகனுக்கு வேலை வேண்டும் என்று ஒரு தாய் வேண்டினால், ஆமென் சொன்ன கையோடு ஒருவர் தன் கம்பெனி மேலாளரின் எண்ணைக் கொடுப்பார். அந்த வட்டாரத்தில் பலர் வேலைக்குப் போனது அப்படித்தான்.

"எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் நானே போயிக் கையேந்தறதா?" என்றார் ஆன்ட்ரூ.

"அப்ப அந்தப் பாடம் மத்தவங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டு பெர்னடெட் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அந்தப் புதன்கிழமை தஞ்சோங் காராங்கில் லில்லியன் அக்கா வீட்டில் கூட்டம். கூட்டத்தை நடத்துவதும் அவர்தான். ஒருவர் முழங்கால் வலிக்காக வேண்டினார், ஒருவர் கார் லைசன்ஸ் பரீட்சைக்காக. ஆன்ட்ரூவின் முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேலையை இழந்து தவிக்கும் என் கூட்டாளி ஒருவருக்காக மன்றாடுகிறேன்."

பெர்னடெட் கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு அரிசிச் சேமியா மீஹூன் தட்டுகள் கைமாறின. லில்லியன் அக்கா நேராக ஆன்ட்ரூவிடம் வந்தார்.

"யாரு தம்பி ஒன் கூட்டாளி? எங்க இருக்காரு?"

"இங்கதாங்கா, பக்கத்துல."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆச்சு. நல்ல மனைவி."

"நல்லவதான்" என்றாள் பெர்னடெட், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஆனா ரொம்ப நாளைக்குப் பொறுக்க மாட்டா."

"அவரு ஏன் இங்க வரல?"

"கூச்சங்கா. பெரிய பதவியில இருந்தவரு."

"வேல போனப்புறம் என்ன பெரிய பதவி? சாப்பிடணும்ல?" என்றார் லில்லியன் அக்கா. ஆன்ட்ரூ தன் கூட்டாளியின் சார்பில் சிரித்து வைத்தார்.

ராஃபேல் அப்போது தட்டோடு எழுந்து வந்தான். செகிஞ்சானில் ஒரு நெல் ஆலையில் லோரிகளை அனுப்பும் பொறுப்பில் இருக்கிறான். ஆன்ட்ரூவின் முன்கூரையின் கீழ் நன்றாகத் திட்டு வாங்கியவன்.

"அங்கிள், உங்க கூட்டாளி என்ன வேல பாத்தாரு?"

"எச்.ஆர்."

"எங்க ஆலையில அதுக்கு ஆள் தேடறாங்க. பழைய ஆளு வேலய விட்டு நின்னுட்டாரு. நாளைக்குக் காலையில ரெண்டு பேர இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, நாளைக்கே முடிச்சிருவாங்க. இப்பவே சொன்னா மூணாவதா சேத்துருவேன்."

ஆன்ட்ரூவுக்கு அப்போதே சரி என்று சொல்லிவிடத் தோன்றியது. ஆனால் அவருக்குள் இருந்த மேலாளர் இன்னும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

"என் கூட்டாளி மேனேஜரா இருந்தவராச்சே. ஆலைக்கெல்லாம் வருவாரான்னு..."

"வரலன்னா விடுங்க அங்கிள். லோகேஸ்வரன்னு ஒரு பையன் இருக்கான், டிப்ளோமா முடிச்சவன். அவனச் சொல்லிர்றேன்."

சொல்லிக்கொண்டே ராஃபேல் போனை எடுத்தான். ஆலை முதலாளியின் மகள் மிஸ் கானுக்கு அழைப்புப் போய்விட்டது. ஒரு கையில் தட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் குரல் கேட்டது. மலாயில் ஒரே கேள்வி கேட்டாள்: அந்த ஆளின் பெயர் என்ன?

ராஃபேல் ஆன்ட்ரூவைப் பார்த்தான். லில்லியன் அக்கா பார்த்தார். கார் லைசன்ஸ்காரர்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெர்னடெட் மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்ரூ" என்றார் அவர்.

"ஒங்க பேரேவா அங்கிள்?"

"நாந்தான், ராஃபேல். எனக்குத்தான் வேல இல்ல."

மிஸ் கான் அடுத்த கேள்வியையும் கேட்டாள்: முந்திய வேலையை ஏன் விட்டார்? இந்தக் கேள்விக்கு ஆன்ட்ரூவிடம் அழகழகாகப் பதில்கள் உண்டு. புதிய சவால், குடும்பச் சூழல், வளர்ச்சிக்கான வாய்ப்பு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். அன்றைக்கு ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

"ஆள் கொறச்சாங்க. என்னையும் அனுப்பிட்டாங்க."

ராஃபேல் அதை அப்படியே மலாயில் சொன்னான். மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, ஒன்பது மணிக்கு வரச் சொல் என்று மிஸ் கான் போனை வைத்துவிட்டாள்.

ஆன்ட்ரூவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெதுவாகச் செருப்பு இருந்த பக்கம் நகர்ந்தார்.

"எங்க போற?" என்றார் லில்லியன் அக்கா. "சொன்ன மன்றாட்டு தப்பாப் போச்சுல்ல. மறுபடி சொல்லணும். எல்லாரும் தட்ட வைங்க."

எல்லாரும் தட்டை வைத்தார்கள். ஆன்ட்ரூ நின்ற இடத்திலேயே நின்றார்.

"வேலை தேடும் எங்கள் ஆன்ட்ரூவுக்காக உம்மை மன்றாடுகிறோம்" என்றார் லில்லியன் அக்கா.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

வருடக்கணக்காக அடுத்தவர் பெயருக்குப் பின்னால் அவர் சொல்லி வந்த வரிதான் அது. இன்று தன் பெயருக்குப் பின்னால் அத்தனை பேரும் சேர்ந்து சொன்னபோது, அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதும் அவருக்கு வெட்கமாக இல்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம். பெர்னடெட் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, அவருக்கும் சேர்த்து ஆமென் சொன்னாள்.