மைக்ரானுக்குக் கண் போன கதை

என் பொண்டாட்டியைக் கம்பெனியில யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. மைக்ரான்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு தலைமுடியை நெட்டுவாக்குல நூறா கிழிச்சா, அதுல ஒரு இழைதான் ஒரு மைக்ரானாம். அந்த அளவுக்கு விரலை நகத்தவும் இவளுக்குத் தெரியும், நகத்தாம நிறுத்தவும் தெரியும். வீட்டுல ஒரு டம்ளரை மேசை நடுவுல வைக்க மாட்டா, ஓரத்துலதான் வைப்பா. அது வேற விஷயம்.

நான் அதே கம்பெனியில வேன் டிரைவர். பின்சீட்டைக் காட்டற கண்ணாடியில அவளைப் பாத்துப் பாத்தே கட்டிக்கிட்டேன்.

அவ வேலையைச் சொல்லிடறேன், இல்லாட்டி மத்தது புரியாது. நாம போன்ல பேசறது, படம் பாக்கறது எல்லாம் வெளிச்சமா மாறி, கண்ணாடி நூல் வழியா ஊர் விட்டு ஊர் ஓடுது. தூரம் போகப் போக அந்த வெளிச்சம் மங்கிடும். அங்கங்கே அதுக்குத் தெம்பு கொடுக்கணும். அந்தத் தெம்பைக் கொடுக்கறது கடுகை விடச் சின்னதா ஒரு லேசர் சில்லு. அந்தச் சில்லு வாயில கண்ணாடி நூலை நேரா நிறுத்தி, பசை வச்சு ஒட்டணும். நாள் பூரா பூதக்கண்ணாடிக்குள்ள குனிஞ்சுக்கிட்டு இதைத்தான் செய்வா.

இதுல பாழாப்போன விஷயம் என்னன்னா, அந்த லேசர் வெளிச்சம் மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. எரியுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு அட்டை வச்சிருப்பாங்க. அதுல பட்டா மட்டும் பச்சையா ஒரு புள்ளி தெரியும். கண்ணுக்குப் போட கவசக் கண்ணாடியும் உண்டு. ஆனா அதைப் போட்டா நூலே இருட்டிப் போகும், வேலை ஓடாது. அதனால எல்லாக் கவசமும் ஆணியில தொங்கும். மேலிடத்துலேர்ந்து ஆள் வந்தா மூஞ்சிக்கு ஏறும், அவங்க போனதும் ஆணிக்கே திரும்பிடும். நூலைத் தொடறதுக்கு முன்னால கரண்ட்டை நிறுத்தணும்னு சுவத்துல எழுதியிருக்கு. நிறுத்தினா சில்லு ஆறிடும், மறுபடி பதமாகற வரைக்கும் காத்துக் கிடக்கணும். யார் நிறுத்துவா?

அன்னிக்கு ஒரு நூல் பட்டுனு ஒடிஞ்சிருக்கு. எப்படி ஒடிஞ்சதுன்னு பாக்க, நுனியைத் தூக்கி இடது கண்ணுக்கிட்ட பிடிச்சிருக்கா. கரண்ட் ஓடிக்கிட்டிருந்துது. வலி இல்ல, கூச்சம் இல்ல, ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியல. அதைப் போட்டுட்டு அடுத்த நூலை எடுத்திருக்கா.

மறுநாள் வேன்ல முன்சீட்டுல உக்காந்து ஒரு கண்ணை மூடி மூடிப் பாத்தா. "என்ன, எனக்குக் கண்ணடிக்கிறியா?"ன்னு கேட்டேன். அவ சிரிக்கல.

"என்னங்க, இந்தக் கண்ணால பாத்தா எதிர்ல வர்ற பஸ்ஸுக்கு நம்பர் இல்ல."

அன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா உள்ள பாத்துட்டு, பார்வையோட நடுப்புள்ளி வெந்து போச்சு, இதுக்கு மருந்து கிடையாதுன்னுட்டாங்க. சூப்பர்வைசர் கேட்டது ஒரே கேள்வி: "கவசம் போட்டிருந்தீங்களா?" இவ "இல்ல சார்"ன்னா. அதோட கை கழுவிட்டாங்க. எனக்கு மூக்குக்கு மேல கோவம். உண்மையைச் சொல்றதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையான்னு வழி முழுக்கத் திட்டினேன். வேலைய விடுன்னும் சொன்னேன்.

"இதை விட்டா எனக்கு என்ன தெரியும்? இன்னொரு கண்ணு இருக்கில்ல"ன்னா.

திரும்பப் போனா. ஒழுங்காத்தான் இருந்தா, அதைச் சொல்லியாகணும். கவசம் போட்டா, ஒவ்வொரு தடவையும் கரண்ட்டை நிறுத்தினா. ஆனா அங்கே ஒரு நாளைக்கு இத்தனை சில்லுங்கற கணக்கு ஆளுக்கு இல்ல, மேசைக்கு. இவ மெதுவானா மேசையே பின்தங்கிடும், எல்லாருக்கும் காசு குறையும். கூட இருந்த பொண்ணுங்க ஒரு வார்த்தை குத்திப் பேசல. டீக்குப் போறப்ப "அக்கா வாங்க"ன்னு கூப்பிடறதை மட்டும் நிறுத்திட்டாங்க. அவங்க வீட்டுலயும் அடுப்பு எரியணுமே, யாரைக் குத்தம் சொல்ல? ஆனா இவளுக்கு அது தாங்கல. வேன்ல கடைசி சீட்டுக்குப் போயிட்டா, என்கிட்டகூடப் பேச்சு கொறைஞ்சு போச்சு.

ஒரு நாள் எல்லாரும் சிரிச்சுக்கிட்டு ஒண்ணா வேன்ல ஏறினாங்க. இவ நடுவுல இருந்தா. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துது, மறைப்பானேன். கவசத்தை ஆணியில மாட்டிட்டு, கரண்ட்டை நிறுத்தறதையும் விட்டுட்டான்னு அப்ப எனக்குத் தெரியாது.

வலது கண்ணும் அதே மாதிரிதான் போச்சு. அதே மாதிரி ஒரு ஒடிஞ்ச நுனி. அதே மாதிரி வலி இல்ல. இந்தத் தடவை நான் திட்டல. திட்ட என்ன பாக்கி இருக்கு? கம்பெனி வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னாங்க. நடுவுலதான் பார்வை இல்ல, ஓரத்துல இருக்கு. யாரைப் பாக்கணுமோ அவங்களை நேரா பாக்காம, கொஞ்சம் தள்ளிப் பாக்கப் பழகிக்கணும். இவளும் பழகினா. என் மூஞ்சி வேணும்னா என் காதுக்கு அந்தப்பக்கம் பாப்பா.

எங்க பொண்ணு ஒண்ணாவது படிக்கிறா. நேத்து சாயந்திரம் ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை அம்மாவுக்கு ஆடிக் காட்டினா. இவ சுவத்துப் பக்கமா கண்ணை வச்சுக்கிட்டு, அவளையேதான் பாத்துக்கிட்டிருந்தா. குழந்தை பாதியில நின்னுட்டா.

"அம்மா, நீ என்னைப் பாக்கவே மாட்டேங்கறே."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் கண்ணு."

"இல்ல, நீ சுவத்தைப் பாக்கறே. என்னைப் பாரு."

இவ கண்ணைத் திருப்பி நேரா குழந்தை மூஞ்சிக்கே கொண்டு வந்து நிறுத்தினா.

"இப்பப் பாக்கறேன். ஆடு."

குழந்தைக்கு ஒரே சந்தோஷம். முதல்லேர்ந்து ஆடினா. முடியற வரைக்கும் இவ கண்ணை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகத்தவே இல்ல, சிரிச்சுக்கிட்டே இருந்தா. பாத்த இடத்துல அவளுக்குப் பொண்ணு இல்லைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.