எண்ணெய் தேவையில்லாத அச்சு

எங்கள் வீட்டுக்குப் பிரெஞ்சில் வருகிற எதையும் வாசிக்கும் உத்தியோகம் எனக்கு ஒன்பது வயதிலேயே கிடைத்துவிட்டது. மின்சாரக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், கோழி மலிவென்று சொல்லும் கடை விளம்பரத்தாள் எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். பாதி வாசிக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுவேன். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னவாம்?" என்பார். "ஒண்டுமில்லையாம்" என்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காதுதான். அதனால் என் புகழ் வளர்ந்தது.

அப்போது அம்மாவின் தம்பி, புரோசார்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருந்தார். கிழமை நாட்களில் மாமாவுக்கு புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை. அங்கே பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதை வாசித்து வாசித்தே ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது. பிரெஞ்சில் மட்டும் பொன்ஜூர், மெர்சியோடு நின்றுவிட்டார். ஞாயிறுகளில் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்க் காகிதத்தைச் சுடுவார். முந்நூறு மீற்றருக்கு அப்பால் ஒட்டிய காகிதத்தில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையால் போக வேண்டும். அவருக்கு வேறு இலட்சியம் இருந்ததாகத் தெரியவில்லை.

"வெடிச்சத்தம் கேக்கேலாதெண்டு அங்கயிருந்து ஓடி வந்தவர், இஞ்ச சந்தா கட்டியெல்லோ வெடிக்கிறார்" என்று அம்மா யார் வந்தாலும் சொல்வார்.

"அது வேற, இது வேற அக்கா. இது நான் வெடிக்கிறது" என்பார் மாமா.

கடையில் வாங்கும் தோட்டா அவருடைய ஒற்றை ஓட்டைக்குப் போதவில்லை. தானே செய்தார். சுட்டு முடிந்த பித்தளைக் கோது சூட்டில் கொஞ்சம் பருத்திருக்கும். அதற்கு எண்ணெய் பூசி, ஒரு இரும்பு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு இன்னோர் அச்சால் புதுக் குண்டை நேராக இருத்த வேண்டும். எல்லாம் அச்சில்தான் இருக்கிறது. கோதின் முழு உடம்பையும் இறுக்கும் அச்சா, குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கும் அச்சா என்பது ஒரு பெரிய சண்டை. இப்போது என் மேசையிலும் ஒரு அச்சுப் பெட்டி இருக்கிறது. அதைத் தெரிவு செய்ய எனக்கு மூன்று மாதம் பிடித்தது, அந்த மூன்று மாதமும் என்னோடு கதைத்தவர்கள் பாவம். ஆகவே மாமாவை நான் பகிடி பண்ண முடியாது.

அந்த வருடம் கிளப் முதன்முறையாக ஒரு போட்டிக்கு மாமாவின் பெயரைக் கொடுத்திருந்தது. பழைய அச்சோ கோதின் கழுத்தைக் கோணலாக்கியது. புதிதாய் ஒன்றுதான் வாங்க வேண்டும். கிளப் நண்பர் ஒருவர் கொடுத்த விலைப்பட்டியல் பிரெஞ்சில் இருந்தது. அது என் மடிக்கு வந்தது.

நான் பக்கங்களில் பறந்தேன். கடும் உலோகத்தில் செய்த அச்சு ஒன்று, படத்திலேயே மற்றவற்றைவிட மினுங்கியது.

"இதுதான் மாமா. இதுக்கு எண்ணெய் பூசத் தேவையில்லையாம்."

"கோதுக்கு எண்ணெய் பூசாமலோ? வடிவாய்ப் பாத்தனியோ பிள்ளை?"

"போட்டிருக்கு."

"அப்ப சரி" என்றார். எண்ணெய் பூசித் துடைப்பது அவருக்கு எப்போதும் அலுப்பு. அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டார்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. மாமா அம்மாவின் புளியில் பாதியை எடுத்து, குத்துவிளக்கு மினுக்குவதுபோல் கோதுகளை மினுக்கிக் கழுவிக் காயவைத்தார். எண்ணெய்ப் பசையென்று பெயருக்கும் இல்லாமல் அவை பொன்போல் இருந்தன. வெடிமருந்துப் பெட்டியை அவர் எப்போதும் பூட்டியே வைப்பார், நான் இருந்தால் திறக்கவே மாட்டார். ஆனால் கோது அழுத்துவதைப் பார்க்க விடுவார். அச்சைப் பூட்டிய அழுத்துபொறியில் முதல் கோதை வைத்துப் பிடியை இறக்கினார். அது உள்ளே போனது. பிடியைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தொங்கினார். கோதின் விளிம்பு கிழிந்தது, உடம்பு அச்சுக்குள்ளேயே இருந்துவிட்டது.

நான் மேலே ஓடிப்போய் விலைப்பட்டியலை எடுத்தேன். எண்ணெய் தேவையில்லை என்று அந்தப் பக்கம் முடிந்திருந்தது. அடுத்த பக்கத்தின் முதல் வரி, கைத்துப்பாக்கியின் நேரான கோதுகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றது. கழுத்து ஒடுங்கிய நீளக் கோதுகளுக்கு எண்ணெய் கட்டாயம். நான் புரட்டியிருக்கவில்லை.

மாமா கடைத் தோட்டாவோடு போட்டிக்குப் போய், பதினாலு பேரில் பதினோராவதாக வந்தார். வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். "எனக்குப் பின்னாலயும் மூண்டு பேர் இருந்தவை அக்கா" என்றார். அவ்வளவு சந்தோசம் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நான் உத்தியோகத்தை விட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கடிதத்தை அம்மா நீட்டியபோது, "எனக்கு விளங்கேல்ல" என்றேன்.

"பிரெஞ்சோ விளங்கேல்ல? நேற்றுவரைக்கும் கனவிலயும் அதுதானே கதைச்சனி" என்றார் அம்மா. நான் அசையவில்லை. கடிதங்கள் குளிர்பெட்டியின் மேல் சேர்ந்தன. வியாழக்கிழமைக்குள் ஐந்து.

சனிக்கிழமை மாமா மேலே வந்தார். கிளப் நண்பர் கோதின் அடியைத் துளைத்து இழுத்து அச்சைக் காப்பாற்றியிருந்தார். மாமாவின் கையில் ஒரு எண்ணெய் டப்பாவும் மடித்த தாளும் இருந்தன.

"பிரெஞ்சில கிடக்கு பிள்ளை. நீ வாசிச்சாத்தான் வேலை தொடங்கலாம்."

"நான் பிழையாய் வாசிப்பன்."

"அப்ப நான் இருக்கிறன்" என்று படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். பாட்டொன்றை முணுமுணுக்கத் தொடங்கியதும் தாங்க முடியாமல் தாளைப் பறித்தேன்.

அன்றைக்குப் போல் நான் எதையும் வாசித்ததில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்தேன். சிறிதளவு பூச வேண்டும், கழுத்துக்கு உள்ளேயும் பூச வேண்டும், மிஞ்சினால் துடைக்க வேண்டும். மாமா எல்லாவற்றுக்கும் "ஓமோ" என்று வியந்தார். முடிந்ததும் மறக்காமல் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே அதே விசயம் ஆங்கிலத்தில் இருந்தது. கழுத்துக்கு உள்ளேயும் பூசு என்ற வரியின் மேல் பெரிய பெருவிரல் அடையாளம் ஒன்று, எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல் தெரிந்தது.

"நான் வாசிக்க முன்னமே ஊத்தையாக்கிப் போட்டியள் மாமா."

"ஓம், பிழைதான்" என்றார்.

கடதாசியைத் தொடுமுன் கை கழுவ வேண்டுமென்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கீழே போனோம். மேசையில் நாற்பது கோதுகள், அச்சில் இறுக்கித் துடைத்து, வரிசையாக நின்றன. முன்னமே செய்து வைத்த பழையவையாக்கும் என்று நினைத்தேன். இனி வேலையைத் தொடங்கலாம் என்று மாமாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, குளிர்பெட்டியின் மேலிருந்த கடிதங்களை எடுக்க மேலே ஓடினேன்.