மல்லிகா வீட்டுக் காங்கிரீட்

போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் குடோனில் ஒரு சுவரைப் பார்த்தேன். பார்த்ததும் மற்ற வேலையெல்லாம் மறந்துபோனது.

சுவரில் அப்படி என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை. அதுதான் பிரச்சினை. முந்தின நாள் வரை அதை ஒட்டி நாற்பது சிமென்ட் மூட்டைகள் இருந்தன. பழைய மூட்டைகள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – புதுக்கோட்டையில் இருபத்தாறு வருஷமாகக் கட்டடச் சாமான் கடை வைத்திருப்பவன் நான். சிமென்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதுவும் கெட்டுப்போகும். மூன்று மாதம் தாண்டினால் பலம் குறைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தைப் பார்த்துவிட்டால் மூட்டைக்குள்ளேயே கட்டி தட்டிவிடும். அதனால்தான் எந்த வாரம் தயாரானது என்று மூட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். நீங்கள் என்றைக்காவது படித்திருக்கிறீர்களா? பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கிறவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

அந்த நாற்பதும் ஐந்து மாதச் சரக்கு. விற்கக் கூடாது, குடோன் முற்றத்துக்குத் தரை போட்டுக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கே போயின?

எல்லாம் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் ஆரம்பித்தது.

எங்கள் வியாபாரிகள் குரூப்பில் காலையில் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடுத்து வருவது விலை நிலவரம். கம்பி இறங்குகிறது, ஜல்லி ஏறுகிறது, கிரஷர்காரர்கள் ஸ்டிரைக்காம், தேக்கு இனிமேல் தலைவாசலுக்கு மட்டும்தானாம், மற்ற கதவெல்லாம் ரெடிமேடாம்... அந்த வரிசையில் இதுவும் வந்தது – ‘திங்கள் முதல் சிமென்ட் ஏறுது. சரக்கப் பிடிச்சு வைங்க.’

யார் சொன்னது? தெரியாது. அவருக்கு யார் சொன்னது? அதுவும் தெரியாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது! ஒரு லோடு கூடுதலாக இறக்கினேன். குடோனில் இடம் இல்லை. இடப்பக்கச் சுவரோரம் இருந்த நல்ல சரக்கை நடுவுக்கு இழுத்து, ஒதுக்கி வைத்ததை அந்தச் சுவரோரம் தள்ளினோம். (விலை ஏறவில்லை. அது வேறு விஷயம்.)

புதன்கிழமை சாயங்காலம் நான் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பந்தியில் இருந்தேன். லோடுமேன் செல்வராசு போன் செய்தார். அடுக்கு மாற்றிய அன்று அவர் லீவு.

“அண்ணே, குளத்தூர் லோடுக்கு எங்கிட்டுருந்து ஏத்துறது?”

“எடப்பக்கச் சுவரோரத்துலேருந்து ஆரம்பிங்க” என்றேன். பழைய பழக்கம். மாற்றி வைத்ததே ஞாபகத்தில் இல்லை.

குளத்தூர் லோடு என்றால் மல்லிகா வீட்டு லோடு. வீட்டுக்காரர் சேகர் குவைத்தில் டிரைவர். அஸ்திவாரத்திலிருந்து தனி ஆளாக நின்று வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பவர் மல்லிகாதான். வியாழக்கிழமை மேல்தளம் காங்கிரீட். நாள், நேரம் எல்லாம் குறித்தாகிவிட்டது. ஒன்பது மணிக்கு ஆரம்பம்.

குடோன் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐந்து.

மல்லிகாவுக்கு போன் செய்தேன். வேறொரு அழைப்பில் இருக்கிறாராம். மறுபடியும்... அதே பதில். கொத்தனார் ராசுவுக்குச் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றி எங்காவது மாட்டிவிட்டு மேலே ஏறியிருப்பார். மிக்ஸர் மெஷின் ஓடும் இடத்தில் இடி விழுந்தாலே கேட்காது, போன் மணியா கேட்கப்போகிறது?

“நடுவுல இருக்குற புதுச் சரக்குல நாப்பது மூட்டைய ஏத்திக்கிட்டு உடனே குளத்தூர் வந்துருங்க” என்று செல்வராசுவிடம் கத்திவிட்டு பைக்கை எடுத்தேன்.

திருச்சி ரோட்டில் எனக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். குடோனில் முதலில் ஏற்றியது அந்த நாற்பதைத்தான். முதலில் ஏற்றிய மூட்டை லாரியின் அடியில் கிடக்கும். அடியில் கிடப்பது கடைசியாக இறங்கும். கடைசியாக இறங்கியது அங்கே அடுக்கின் மேலே இருக்கும். மேலே இருப்பதைத்தான் முதலில் பிரிப்பார்கள். அப்படியானால்... இந்நேரம் அந்தப் பழைய மூட்டைகள்தான் மல்லிகா வீட்டுத் தளத்தில் போய்க்கொண்டிருக்கின்றன! ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். காங்கிரீட் இறுகிவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. “நிறுத்துங்க!” என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. நேராகப் போய் மெஷினை நானே அணைத்தேன்.

சட்டென்று எல்லாம் அமைதியானது. தலையில் சட்டியோடு நின்றவர்கள் அப்படியே என்னைப் பார்த்தார்கள். காங்கிரீட்டை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முதலில் போட்டதும் அப்புறம் போட்டதும் சேராமல் ஒட்டு விழும் என்பார் இன்ஜினியர். நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

மல்லிகா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். கையில் போன். “என்னண்ணே இது? நல்ல காரியத்துல வந்து மெஷின அமத்துறீங்க?”

ஏணியில் ஏறினேன். அவர் போனில் சேகர் தெரிந்தார். தன் வீட்டுக்குக் கூரை போடுவதைக் குவைத்திலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். லைன் கிடைக்காததற்குக் காரணம் புரிந்தது.

ஏறும்போதே ஒரு பொய் தயாராகிவிட்டது – உங்களிடம் மறைப்பானேன்? ‘கம்பெனியில் ஏதோ தப்பு, திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாம். யார் விசாரிக்கப்போகிறார்கள்? ஆனால் சேகர் போனுக்குள்ளிருந்து, “அண்ணே நல்லாருக்கீங்களா? நேருல வந்துட்டீங்களே, சந்தோசம்ணே” என்றார். அந்தப் பொய்யை அப்படியே விழுங்கினேன்.

“தம்பி, தப்பு என் பேர்லதான். பழைய சிமென்ட்டு மாறி வந்துருச்சு. விக்கிறதுக்கு வச்சதில்ல. இப்ப போட்டதை அள்ளிரணும்” என்றேன்.

ராசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒம்பது மூட்டை போட்டாச்சுண்ணே! ரெண்டு மூட்டை கட்டியா இருந்துச்சு, மம்பட்டிக் காம்பால தட்டித்தான் போட்டோம். அதெல்லாம் ஓடிரும். தேங்கா ஒடச்சு ஆரம்பிச்சதைப் போயி அள்ளச் சொல்றீங்களே?”

சேகர் மெதுவாகக் கேட்டார், “மல்லிகா, என்ன செய்யலாம்?”

மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. ஈரமாகப் பரப்பியிருந்த அந்த மூலையையே பார்த்தார். “ராசண்ணே, இதுக்கு நேர்கீழ எந்த ரூமு?”

“சின்ன ரூமு, ஆத்தா.”

“பிள்ளைங்க படுக்குற ரூமு” என்று போனைப் பார்த்துச் சொன்னார். அதைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு சட்டியை எடுத்தார். “அள்ளுங்கண்ணே.”

அள்ளினார்கள். நானும் அள்ளினேன். வேட்டியெல்லாம் சிமென்ட். கம்பிக்கு இடையில் விரல் விட்டு வழித்து, தண்ணீர் அடித்துக் கழுவினோம். பழைய மூட்டைகளை ஓரமாக ஒதுக்கினோம். அடியில் இருந்த புதுச் சரக்கில் மறுபடியும் ஆரம்பித்தார்கள். அது தீருவதற்குள் செல்வராசு லாரியோடு வந்துவிட்டார். மூன்று மணிக்குத் தளம் முடிந்தது.

கிளம்பும்போது மல்லிகா வாசல் வரை வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம், எனக்கும் மனசு ஆறியிருக்கும்.

“ஒண்ணு கேக்கவாண்ணே? நீங்க வராமலே இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல?”

“தெரிஞ்சிருக்காதும்மா” என்றேன்.

“ம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குளத்தூரிலிருந்து புதுக்கோட்டை வரை ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகள். பாதி வீடுகளுக்குச் சிமென்ட் என் கடைதான்... அவை எதற்கும் நான் இப்படி ஓடிப் போனதில்லை.