லைசென்ஸுக்குச் சாட்சி சொன்ன புளிக் கிடங்கு

இந்த நாட்டில் முடிவெட்டிக்கொள்ளப் போனால், வெட்டுகிறவருடைய லைசென்ஸைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அதில் அவருடைய போட்டோவும் இருக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்து, கடையின் காலஞ்சென்ற முதலாளி போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். திரும்பிப் பார்த்தால் காலஞ்சென்றவர் கத்தரிக்கோலோடு பின்னால் நிற்கிறார். நகத்துக்குச் சாயம் பூசுகிறவருக்கே லைசென்ஸ் கேட்கிற ஊரில் என்னை மட்டும் விட்டுவிடுவார்களா? நான் ஆடியாலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்வதும், கேட்காத பிள்ளைகளுக்குக் கருவி பொருத்துவதும் என் தொழில். அதற்கான லைசென்ஸை மாநில அரசு தருகிறது. மாநில எல்லையோடு அது முடிந்தும் போகிறது.

இது எனக்கு உறைத்தது, என் கணவருக்கு மாநில எல்லையான ஆற்றுக்கு அக்கரையில் வேலை மாற்றலானபோதுதான். பாலத்தின் இந்தப் பக்கம் எட்டு வருஷமாக நான் நிபுணர். பாலத்தைத் தாண்டினால், யாராவது காதில் வலி என்றால் "அய்யோ பாவம்" என்று சொல்ல மட்டுமே எனக்கு உரிமை. திருப்பத்தூரில் காது பார்க்கிறவள் மலையைச் சுற்றிக்கொண்டு செங்கத்துக்குப் போனால் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆனால் நான் சிரிக்கிற நிலையில் இல்லை. அக்கரையில் காது கேளாத சின்னப் பிள்ளைகளின் பள்ளி ஒன்று எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் புது லைசென்ஸ் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஒரு நாள் போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

லைசென்ஸ் வாரியத்தின் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. நீங்கள் முதன்முதலில் பரிசோதனை செய்த இடத்தில் ஒலி புகாத அறை இருந்ததா? இருந்தால் அந்த இடத்தின் பொறுப்பாளர் கடிதம் எழுதி நேரடியாக அனுப்ப வேண்டும். நான் முதலில் வேலை பார்த்தது எங்கள் ஊர்ப் பக்கம் மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில், ஒரு சின்ன அறக்கட்டளையின் காதுப் பரிசோதனை முகாமில். கண்ணாடிக் கதவும் பஞ்சுச் சுவரும் வைத்த அறைக்கு அங்கே எங்கே போவது? சந்தைக்குப் பின்னால் கோவிந்தன் மாமாவின் புளிக் கிடங்கு இருந்தது. நான்கு சுவரிலும் கூரைவரை புளி மூட்டைகள். கதவைச் சாத்தினால் வெளியே உலகம் இருக்கிறதா என்றே தெரியாது. ஒலி அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன், சென்னையில் நான் படித்த கல்லூரியின் அறையைவிட அமைதி. ஒரே ஒரு தொல்லை, பரிசோதனை முடிந்து வெளியே வருகிற எல்லாருக்கும் வாயில் எச்சில் ஊறியிருக்கும். இரண்டு வருஷம் மலைக்காரர்களின் காதுகளை அங்கேதான் பார்த்தேன்.

அறக்கட்டளையை எப்போதோ மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே பொறுப்பாளர் கோவிந்தன் மாமா. உறவில் மாமா இல்லை, ஊருக்கே மாமா. கடிதத்துக்கு அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் யாருக்கும் எதையும் வெறுங்கையாக அனுப்பிப் பழக்கமில்லாதவர். கடிதத்தோடு கொட்டை எடுத்த புளி ஒரு கிலோவையும் சேர்த்துக் கட்டி, மாநில அரசின் விலாசத்துக்கு அனுப்பிவிட்டார். வாரியம் பதறிப்போனது. விண்ணப்பதாரர் தரப்பிலிருந்து அன்பளிப்பு பெறுவது விதிக்குப் புறம்பு, புளி திருப்பி அனுப்பப்படுகிறது, கடிதத்தை ஏற்க முடியாது, சாட்சி வீடியோவில் நேரில் பேச வேண்டும் என்று எனக்குத் தாக்கீது வந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் புளியையும் கண்ணால் பார்க்கவில்லை.

விசாரணை எங்களுக்குக் காலையில். மலையில் அது விளக்கு வைக்கிற நேரம். அக்கரையில் வாரிய அலுவலகத்தில் ஏழு பேர் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். திரையில் கிடங்கு வாசலில் மாமாவும் அவர் மனைவி சாலம்மா அத்தையும். மொழிபெயர்க்க வாரியமே ஒருவரை அமர்த்தியிருந்தது. அவர் செய்தி வாசிக்கிற தமிழில், தாங்கள் அவ்வறையின் உரிமையாளர்தானா என்று கேட்டார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை அவருடைய வலது காதுப் பக்கம் குனிந்து திருப்பிச் சொன்னார். அந்தத் தமிழ் புரியவில்லை போலும் என்று நினைத்தேன். அடுத்த கேள்விக்கும் அதுவே நடந்தது. அறை அமைதியானதா என்ற கேள்வி வந்தபோது, அத்தை வாயைத் திறக்குமுன் மலையிறங்கும் கடைசி பஸ் வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. ஏழு பேரும் நாற்காலியில் துள்ளினார்கள். மாமாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அத்தை கேள்வியைச் சொல்லி முடித்ததும் அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"ஒரு சத்தமும் வராதுங்க. இப்பகூட பாருங்க, பஸ் வர்ற நேரம். இன்னா அமைதியா கீது."

லைசென்ஸை மறந்து, திரையில் மாமாவின் காதையே பார்த்தேன். வாரியத் தலைவி, ஒரு வெள்ளைத் தலை அம்மாள், இருவரையும் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். அத்தை சாத்தினார். அப்பழுக்கில்லாத அமைதி. வாரியத்தார் ஒருவரையொருவர் பார்த்து மெச்சித் தலையாட்டினார்கள். கதவைச் சாத்தியதில் சிக்னலும் போய்விட்டது என்று தெரிய அரை நிமிஷம் ஆயிற்று.

தலைவி என் பக்கம் திரும்பினார். "உங்கள் சாட்சிக்குக் காது கேட்கிறதா?"

கேட்காது என்று சொல்ல நாக்கு துடித்தது. இடது காது போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். ஆனால் என் பழைய லைசென்ஸ் செல்வது ஆற்றுக்கு அந்தக் கரையில் மட்டும். ஊரில் தொழில் செய்ய எடுத்த பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுப் பல வருஷம். "அதைச் சொல்ல இங்கேயும் எனக்கு உரிமை இல்லை, அங்கேயும் இல்லை" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஏழு பேரும் ஏதோ எழுதிக்கொண்டார்கள். பத்து நாளில் லைசென்ஸ் வந்தது. விதிகளின்பால் மிகுந்த மரியாதை உள்ளவர் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். புளிக் கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லைசென்ஸை மடியில் வைத்துக்கொண்டே மலைக்குப் போன் போட்டேன். அத்தை எடுத்தார். லைசென்ஸ் வந்துவிட்டது என்றேன். "அதான் குடுத்துட்டாங்களே, இப்பவாச்சும் சொல்லு. இவருக்குக் காது இன்னா ஆச்சி?"

இந்த லைசென்ஸ் இந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும் என்பதை அவருக்கு எந்தத் தமிழில் சொல்வது? திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

"நீ இருக்கசொல்ல நாங்க ஏன் இன்னொருத்தங்க கிட்ட போவணும்? நீயே அவருகிட்ட பேசு" என்று போனை மாமாவின் கையில் கொடுத்தார்.

"நல்லா கேக்குதும்மா" என்றார் மாமா.

நான் இன்னும் வாயைத் திறக்கவேயில்லை.